பூங்குழலியின் துடுப்பு

தமிழ் வார இதழ்த் தொடர்கதைகளில் கடற்கரைப் பெண்களைத் தேடிப் போனால் அதிகம் பேர் அகப்படமாட்டார்கள். அகப்படுகிறவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவள் பூங்குழலி. 1950 அக்டோபர் 29 அன்று ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னில் அவள் இரவில் தனியாகப் படகு வலிக்கிறாள், புயலில் கடலுக்குள் போகிறாள், கதையின் இரண்டு ஆண்களையும் உயிரோடு கரை சேர்க்கிறாள். கதை முடியும்போது சோழ நாட்டின் ராணி. குளச்சலில் என் தலைமுறைப் பெண்களில் கொஞ்சமாவது வாசிக்கும் பழக்கம் இருந்தவர்களுக்கு அவள்மேல் ஓர் உரிமை உண்டு. ‘நம்ம பிள்ளை’ என்றுதான் சொல்வோம். கிழிந்த அட்டையோடு பைண்டு செய்த தொகுதிகள் வீடு வீடாகச் சுற்றியபோது, பூங்குழலி வரும் பக்கங்கள் மட்டும் எண்ணெய்க் கையும் உப்புக் கையும் பட்டு மஞ்சளாகியிருக்கும்.

அந்த நம்ம பிள்ளைக்கு அவளுடைய கதை நியாயம் செய்ததா என்று கேட்கத் தூண்டியது ஒரு ஜப்பானியப் படக்கதை. மாங்கா என்கிறார்கள். (எங்கள் வீட்டில் மாங்கா என்றால் நெத்திலி அவியலில் போடுவது.) சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடியில் புத்தகம் பேசக் கூடும் கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியில் ‘நருட்டோ’ படிக்கிறார்கள். மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் எழுதி வரைந்தது. 700 அத்தியாயங்கள், 72 தொகுதிகள். அதில் சகுரா என்றொரு பெண். இரண்டு பையன்களோடு சேர்ந்து பயிற்சி பெறும் மூவரில் ஒருத்தி. ஊரின் தலைவியும் தலைசிறந்த மருத்துவருமான சுனாடேயிடம் மாணவியாகிக் குத்தினால் நிலம் பிளக்கும் அளவுக்கு வலிமை பெறுகிறாள், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பிழைக்க வைக்கிறாள். ஆனாலும் பெரிய திருப்பங்கள் வரும்போது பையன்கள் இருவரும் மோதிக்கொள்ள, இவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அழுகிறாள். கடைசியில் தன்னை விட்டுப் போனவனையே மணக்கிறாள். அவன் ஊர் சுற்றப் போய்விட, மகளைத் தனியாக வளர்க்கிறாள். 15 ஆண்டுகளாக உலகெங்கும் வாசகர்கள் சகுராவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பாதிப் பேர் அவளை வெறுத்தார்கள், மீதிப் பேர் அவளை எழுதிய விதத்தை வெறுத்தார்கள்.

“சகுராவுக்கும் பூங்குழலிக்கும் ஒரே கதைதானே அக்கா” என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது. ராணியான பெண்ணும் காத்திருந்த பெண்ணும் எப்படி ஒன்றாவார்கள்?

வாரத் தொடர் நடக்கும் விதத்திலிருந்து தொடங்கலாம். வாரத் தொடரில் ஒவ்வொரு பாத்திரமும் ஒரு தேவைக்காகப் பிறக்கிறது. குந்தவையின் ஓலையை வந்தியத்தேவன் இலங்கைக்குக் கொண்டுபோக வேண்டும், நடுவில் கடல். கோடிக்கரையில் படகு வலிக்கத் தெரிந்த அண்ணன் முருகய்யன் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதனால் பெண்ணிடம் கேட்க வேண்டியதாகிறது. கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள் அப்படித்தான் கதைக்குள் வருகிறாள். வந்ததும் என்ன செய்கிறாள் பாருங்கள். அவளைத் துரத்தி ஓடி வந்து புதைசேற்றில் மாட்டிக்கொண்ட வீரனை இழுத்துப் போடுகிறாள். சதுப்பில் இரவில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். எங்கே சேறு, எங்கே தரை, எந்தக் காற்றுக்குப் படகை எப்படித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சோழ நாட்டு வீரனுக்குத் தெரியாது. கல்கியின் பெண்களில் குந்தவைக்கும் நந்தினிக்கும் அரசியல் தெரியும். கையால் செய்யும் ஒரு தொழில் முழுதாகத் தெரிந்தவள் பூங்குழலி. இதற்காக நான் கல்கிக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். 1950களில் ஒரு குடும்பப் பத்திரிகையில், நள்ளிரவில் அந்நிய ஆணோடு தனியாகக் கடலில் போய், துடுப்பையும் கைவிடாமல், அவன் பேச்சுக்கும் மயங்காமல் திரும்பி வந்த பெண் அவள்.

பிறகு தேவை மாறுகிறது. இலங்கையிலிருந்து இளவரசர் திரும்பும்போது புயல். கப்பல் எரிகிறது, பாய்மரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அருள்மொழியும் வந்தியத்தேவனும் மிதக்கிறார்கள். பூங்குழலி படகோடு போய் இருவரையும் தூக்குகிறாள். காய்ச்சலில் கிடக்கும் இளவரசரைக் கால்வாய் வழியாக நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுசேர்ப்பதிலும் அவள் இருக்கிறாள். அந்த இடத்தோடு கதைக்கு அவளுடைய கடலறிவு போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகும் படகு வரும், தண்ணீர் வரும். ஆனால் கதை அவளிடம் கேட்கும் கேள்வி வேறு. யாரை நினைக்கிறாள், யார் அவளை நினைக்கிறார்கள், இளவரசர் கிடைப்பாரா, வானதியா அவளா? துணைப் பாத்திரம் என்ற சொல்லே எனக்குச் சமையலறையில் அடுக்கி வைத்த ஒன்றைப் போலத்தான் கேட்கும். வேண்டியபோது எடுப்பது, வேலை முடிந்தால் கழுவிக் கவிழ்ப்பது.

கடைசியில் கிடைக்கும் மகுடத்தைப் பார்ப்போம். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொடுக்கும் அத்தை மகன் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரியவருகிறது. அவன் உத்தம சோழனாக முடிசூடுகிறான். அவனை மணந்த பூங்குழலி ராணியாகிறாள். அந்த மகுடத்துக்கும் அவள் கடலில் செய்ததற்கும் தொடர்பே இல்லை. அரச குமாரனைப் புயலிலிருந்து மீட்டதற்காக அது வரவில்லை. கணவனின் பிறப்பு ரகசியத்தோடு சேர்ந்து வந்த சீர் அது. இந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை சொன்னது சரியென்று பட்டது. சகுராவின் மருத்துவமும் பூங்குழலியின் துடுப்பும் கதையின் கடைசிப் பக்கத்தில் எங்கேயும் எண்ணப்படவில்லை. இரண்டு பேருக்கும் கணக்குத் தீர்த்தது கல்யாணம்.

ஜம்ப் இதழில் வாசகர்கள் அனுப்பும் வாக்குச் சீட்டுகளைப் பார்த்துத்தான் எந்தத் தொடர் ஓடும், எது நிற்கும் என்று முடிவு செய்வார்கள். ‘கல்கி’க்கு வந்தவை கடிதங்கள். தொடர் முடிந்த பிறகும் இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி முடிவுரை எழுத வேண்டி வந்தது. அந்தக் கேள்விகளின் உள்ளே ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒரு பெண் பாத்திரத்தின் கதை முடிந்ததா இல்லையா என்பது அவள் யாரை மணந்தாள் என்று தெரிந்தால் போதும். எழுதியவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கேட்டது நாமும்தான். எங்கள் வீடுகளில் அந்தத் தொகுதிகளை மூடிவைத்துவிட்டு, “எப்படியோ பிள்ளை நல்லா இருந்தாச் சரி” என்று சொன்ன பெண்கள் எத்தனை பேர்!

கல்யாணம் இல்லாவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. பூங்குழலியின் அத்தை மந்தாகினி, ஊமை ராணி. பேச முடியாத அந்தப் பெண் இலங்கையில் சுவர்ச் சித்திரங்களாகத் தன் கதையை வரைந்து இளவரசருக்குக் காட்டுகிறாள். ‘சித்திரங்கள் பேசின’ என்றே அந்த அத்தியாயத்துக்குப் பெயர். தன் கதையைத் தானே படக்கதையாக வரைந்த பெண் என்று எங்கள் மாடிக் கூட்டத்தில் அவளுக்கு இப்போது தனி மரியாதை. அவள் எப்படி முடிகிறாள்? தன்னை ஒரு காலத்தில் நேசித்த அரசர்மேல் வீசப்பட்ட வேலைத் தன் உடம்பில் ஏந்திச் சாகிறாள்.

எங்கள் மண்ணிலேயே இதற்கு மூத்த உதாரணம் இருக்கிறது. சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள நாவல் ‘மார்த்தாண்டவர்மா’. பத்மநாபபுரம், நாகர்கோவில் என்று நாங்கள் பேருந்தில் போய்வரும் ஊர்கள் அதில் வருகின்றன. இளவரசன் மார்த்தாண்டவர்மாவைக் கொல்ல நடக்கும் சதிகளை மோப்பம் பிடித்து, செய்தி சேர்த்து, அவனைத் தப்பவைக்கும் பெண் சுபத்திரா. வீண் சந்தேகத்தால் கணவன் விட்டுப்போனவள். நாவலில் அவளைவிடப் புத்திசாலி யாரும் இல்லை என்பது என் கருத்து. அவளுடைய மாமன் குடமண் பிள்ளை அவளை வெட்டிக் கொல்கிறான். அரசன் அவனைக் கொன்று பழிதீர்க்கிறான். நாடு பிழைக்கிறது, அரசன் பிழைக்கிறான். வேலை முடிந்த துணைப் பெண்ணுக்கு வெளியேறும் வாசல் இரண்டு: வாள் அல்லது தாலி.

அந்த மார்த்தாண்டவர்மா 1741இல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம் எங்கள் குளச்சல். கடற்கரைப் பக்கம் வெற்றித் தூண் நிற்கிறது. ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு: படை குறைவாக இருந்ததால் மீனவர்கள் கரையில் வரிசையாக நின்று துடுப்புகளைத் தோளில் சாத்திக்கொண்டார்களாம், கப்பலிலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் அவற்றைத் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டார்களாம். நடந்ததோ இல்லையோ, கடல் மக்களின் கருவி ஒன்றுக்கு அரச வரலாற்றில் கிடைத்த ஒரே இடம் அது, அதனால் ஊர் அதை விடுவதில்லை. எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சொன்னதிலும் பெண்கள் கிடையாது. அந்தப் படை கரையில் கிடந்த நாட்களில் மீன் யார் சுமந்தார்கள், சோறு யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அரச ஆவணத்தில் எங்கள் பெண்கள் வரும் ஓரிடம் எனக்குத் தெரியும். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு. நாடார் பெண்கள் மேல் சட்டை போடலாம், அல்லது முக்குவத்திகள் உடுத்துவதுபோல் முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், எப்படியும் மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் உடுத்தக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. போராடிய பெண்களின் கதையில் முக்குவத்தி ஓர் அளவுகோலாக வந்து போகிறாள். அவள் துணி எப்படி இருந்தது என்பது அரசுக்குத் தேவைப்பட்டது; அவளுக்கு என்ன தேவைப்பட்டது என்று எழுத அங்கே இடமில்லை. தொடர்கதை ஆசிரியர்களுக்கு முன்பே அரசு எங்களைத் துணைப் பாத்திரமாக எழுதிப் பழகியிருந்தது.

இது சும்மா கதைச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய முதிய பெண் ஒருவரை, நாறுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கடலையும் மீனையும் சுமந்து வாழும் பெண்ணை மக்கள் எந்த உருவத்தில் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன். தமிழகம் முழுவதும் அறிந்து, விரும்பி, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த கடற்கரைப் பெண்ணின் பெயரிலேயே பூ இருக்கிறது. அவள் தலையில் மீன் கூடை ஏறுவதில்லை. தொடர் பலமுறை மறுபடி வெளியானபோது ஓவியர்கள் மாறினார்கள். யார் வரைந்தாலும் துடுப்பு பிடித்த அந்தக் கையில் காய்ப்பு இல்லை.

நாற்றத்தைப் போக்கிவிட்டு ராணியாக்குவது இந்தியக் கதைகளில் பழைய வழி. மகாபாரதத்து மச்சகந்தியை நினைத்துப் பாருங்கள். செம்படவர் தலைவன் வீட்டில் வளர்ந்து யமுனையில் ஓடம் விட்டவள். பராசரர் அவள் மீன் வாடையை மாற்றி மணம் வீசவைக்கிறார். பிறகு அவள் சந்தனுவின் மனைவி சத்தியவதி. ஓடக்காரி, வாடை நீக்கம், மகுடம்: பூங்குழலியின் அச்சு அதுதான். ஆனால் மகாபாரதம் அவளை மகுடத்தோடு விட்டுவிடவில்லை. அவள் பெற்ற இரண்டு மகன்களும் வாரிசின்றிச் செத்த பிறகு குருகுலமே அறுந்துபோகும் நிலை வருகிறது. அப்போது சத்தியவதி என்ன செய்கிறாள்? ஓடம் விட்ட நாட்களில் ஆற்றுத் திட்டில் பெற்ற மகனைக் கூப்பிடுகிறாள். அவன் வியாசன். அவளுடைய படகுக் காலம் மறைக்கப்பட வேண்டிய பழங்கதையாகக் கிடக்காமல், அரண்மனையின் வழியைத் தீர்மானிக்கிறது. அம்பிகைக்கும் அம்பாலிகைக்கும் அவள் செய்தது கொடுமை. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு துணைப் பாத்திரத்தை நீண்ட கதையில் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் அவளுக்குக் கொடுத்ததைக் கதை நினைவில் வைத்திருந்தது. கடைசியில் அவளே முடிவெடுத்துக் காட்டுக்குப் போகிறாள், மருமகள்களையும் கூட்டிக்கொண்டு.

பூங்குழலிக்கு இது முடியாத காரியமா? கல்கி கையில் எல்லாம் இருந்தது. உத்தம சோழன் 970களின் தொடக்கத்திலிருந்து 985 வரை ஆண்டான். அவனுக்குப் பின் வந்த ராஜராஜனும் ராஜேந்திரனும் கடல் கடந்து படை நடத்தியவர்கள். 1025இல் சோழர் கப்பல்கள் ஸ்ரீவிஜயம் வரை போயின. அந்தக் கடற்படை வரலாற்றின் வாசலில், அரண்மனைக்குள் கடலறிந்த ஒரு ராணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதை முடிசூட்டோடு நின்றுவிடுகிறது. கோடிக்கரைக்கும் ஈழத்துக்கும் இடையிலுள்ள நீரோட்டங்களைப் பற்றி அவளிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அத்தையின் சைகை மொழியும் அவளுக்குத் தெரியும். அத்தை செத்த பிறகு அந்த மொழியைப் பேசத் தெரிந்தவள் என்ற முறையில், அத்தையின் கதையைச் சொல்லும் உரிமை அவளுடையது. ஐந்து பாகங்களில், துக்கம் கொண்டாட அவளுக்கு இன்னும் ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கலாம். வானதிக்கும் அவளுக்கும் இடையில் போட்டிப் பேச்சு நிறைய இருக்கிறது. அதில் பாதியை எடுத்துவிட்டு, ஒருத்தி மற்றவளுக்குப் படகு வலிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தால் எனக்கு அது போதும்.

சாவோ கல்யாணமோ இல்லாமல் ஒரு கடற்கரைப் பெண்ணை எழுதிக் காட்டியவர்கள் உண்டு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலில் பிலோமி காதலை இழக்கிறாள், தாயை இழக்கிறாள், வீடு மாறுகிறது, அவள் இருக்கிறாள். ராஜம் கிருஷ்ணன் ‘அலைவாய்க் கரையில்’ எழுதத் தென்கோடி மீனவ ஊர்களுக்கு நேரில் வந்து தங்கிப் பார்த்தார். அவை நாவல்கள், அளவாக முடிந்தவை. வாராவாரம் இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவை. நீண்ட தொடரில்தான் துணைப் பெண்ணுக்கு ஆபத்து அதிகம். அவளுக்கு நேரம் தர இடம் இருப்பதும் அங்கேதான்.

திரைப்படம் இதைத் திருத்தியிருக்கலாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் எடுத்த இரண்டு பாகங்களில் கடல் காட்சிகள் அழகாகவே இருந்தன. ஆனால் சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் படத்தில் இல்லை, மதுராந்தகனே முடிசூடுகிறான். மகுடம் போனதும் பூங்குழலியின் கதையும் போயிற்று. அந்தக் கல்யாணத்தை எடுத்துவிட்டால் அவளுக்கு எழுத வேறு எதுவும் இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? இரண்டாம் பாகம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எங்களுக்குள் நடந்த பேச்சு முழுக்க இதுதான். அந்தக் கடற்காட்சிகளுக்காக நான் கொஞ்சம் வக்காலத்து வாங்கிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இப்போது மாடியில் பிள்ளைகள் பூங்குழலியை மாங்கா பாணியில் வரைந்துகொண்டிருக்கிறார்கள். முடிசூட்டுக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கும் கதை. முதல் சண்டை கை எப்படி இருக்க வேண்டும் என்பதில் வந்தது. வலை பின்னும் அம்மாவின் கையைப் படம் எடுத்து வந்து ஒருத்தி வென்றாள். இரண்டாவது சண்டை இன்னும் முடியவில்லை. பூங்குழலி தஞ்சாவூருக்குப் போய்விட்டால் கோடிக்கரையில் விளக்கேற்றுவது யார் என்று ஒரு பிள்ளை கேட்டாள். தகப்பனாருக்கு வயதாகிவிட்டது, அண்ணன் கடலில். அப்படியானால் அண்ணி ராக்கம்மாள்தான். கல்கியின் கதையில் பாண்டியச் சதிகாரர்களோடு சேர்ந்துகொண்ட பேராசைக்காரி. “அவளுக்கு ஏன் பேராசைன்னு யாரும் கேக்கவே இல்லையே அக்கா” என்கிறாள் அந்தப் பிள்ளை. இரண்டு சனிக்கிழமையாக ராக்கம்மாளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.